கொல்லைப்புறச் சிமெண்ட் தளத்தில் மழைநீர் தேங்காமல் செய்வது: மட்டம் எடுப்பதிலிருந்து நீராற்றல் (கியூரிங்) வரை

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டின் பின்சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்பதும், அடுத்த சில மாதங்களில் அதே சுவரின் உட்பக்கப் பூச்சு உப்பிப் பெயர்வதும் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல வீடுகளில் காணக்கூடியவை. சிமெண்ட் தளத்திற்கு வாட்டம் (சரிவு) இருக்கிறது; ஆனால் அது வீட்டை நோக்கியே இருக்கிறது. என் வீட்டில் இந்த வேலையை முதல்முறை தவறான வரிசையில் செய்து, இரண்டு மழைக்காலம் கழித்து மீண்டும் செய்ய நேர்ந்தது. அதன் பிறகு உறவினர், அண்டை வீட்டார் தளங்கள் சிலவற்றில் வேலை முடியும்வரை உடனிருந்து பார்த்தேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்யாமல் தளத்தின்மேல் கலவை போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே இங்கே கட்டுமானப் படிகள் தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக, வெளியேறும் வாயிலிலிருந்து தொடங்கி வீட்டுச் சுவரை நோக்கி வருகின்றன. கணக்குகளுக்கு ஒரே தளத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: வீட்டுச் சுவரோடு 20 அடி நீளம், சுவரிலிருந்து மதில்வரை 14 அடி அகலம், மதில் பக்கத்தைவிட வீட்டுப் பக்கம் 1½ அங்குலம் தாழ்வு.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தல்

மழை பெய்யும்போதே குடையுடன் அரை மணி நேரம் கொல்லையில் நின்று பார்ப்பதற்கு ஈடான ஆய்வு வேறில்லை. மழையில்லாத மாதமாக இருந்தால், தளத்தின் மேட்டுப் பக்கத்தில் ஹோஸ் பைப்பை 20 நிமிடம் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் வழியையும் நிற்கும் இடத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் நீரின் ஓரத்தைப் பெயிண்டால் கோடிட்டு வைத்தால், தளம் காய்ந்த பிறகும் பள்ளத்தின் வடிவம் கையில் இருக்கும்.

அடுத்து மொட்டை மாடியைப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். நம் தளம் 280 சதுர அடி, அதாவது 26 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் என்ற பலத்த மழையில் இதில் விழுவது 1,300 லிட்டர். மாடியில் 500 சதுர அடிப் பரப்பின் நீர் பின்பக்கக் குழாய்கள் வழியாக இதே தளத்தில் இறங்கினால், அது மட்டும் 2,300 லிட்டருக்கு மேல். தேங்கும் நீரில் பெரும்பங்கு தளத்தில் பெய்த மழையே அல்ல என்பது பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தெரியவரும்.

மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய், ஏசியின் வடிகுழாய், துணி துவைக்கும் கல் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். தினமும் மோட்டார் ஓடும்போது பத்து நிமிடம் சுவரோரம் வழியும் தொட்டி நீர், ஆண்டுக்குச் சில வாரமே பெய்யும் மழையைவிடச் சுவருக்கு அதிகக் கேடு செய்யும். இவற்றைத் திருப்பிவிடுவதற்குக் கொத்தனார் தேவையில்லை. ஒரு பிளம்பரின் அரைநாள் வேலை போதும். அதை முதலில் முடியுங்கள்.

2. தொடங்குவதற்கு முன் தேவைப்படுபவை

சென்னைப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. செப்டம்பரில் தொடங்குபவர்கள், கலவை இறுகும் முன்பே மழை அதைக் கழுவிச் செல்வதைப் பார்க்க நேரும்.

கருவிகளில் இன்றியமையாதது டியூப் லெவல்; அதாவது நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து மட்டம் பார்க்கும் கருவி. அரை அங்குல விட்டமுள்ள, ஒளி ஊடுருவும் குழாய் 50 அடி வாங்கிக்கொள்ளுங்கள். நூல், அளவுநாடா, ரசமட்டம், டைமண்ட் பிளேடு பொருத்திய கட்டிங் மெஷின், உளி, சுத்தியல், கரண்டி, மட்டப்பலகை, மணியாஸ் கட்டை (மேற்பரப்பைத் தேய்க்கும் மரக்கட்டை) ஆகியவை கொத்தனாரிடம் இருக்கும். டியூப் லெவலும் அவரிடம் இருக்கும் என்றாலும், தனியாக ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அளவை நீங்களே எடுத்து எழுதி வைத்திருந்தால்தான் வேலை நடக்கும்போது சரிபார்க்க முடியும்.

தளத்துக்கடியில் போர் மோட்டாரின் கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எவையெல்லாம் எந்த வழியில் செல்கின்றன என்பதை வீட்டில் பழகியவர்களிடம் கேட்டு, தளத்தின்மேல் பெயிண்டால் குறியுங்கள். வெட்டும் நேரத்தில் அந்த கேபிளின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட வேண்டும். கட்டிங் மெஷினுக்கான இணைப்பு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவே வர வேண்டும். கான்கிரீட்டை வெட்டும்போது எழும் மெல்லிய தூசி நுரையீரலில் நிரந்தரமாகத் தங்கக்கூடியது; எனவே நீர் தெளித்துக்கொண்டு வெட்டுவதும், வெட்டுபவர் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதும் கட்டாயம். தொழிலாளர்கள் பலர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. முகக்கவசத்தை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

3. டியூப் லெவலில் மட்டம் எடுத்தல்

குழாயில் நீரை நிரப்பும்போது ஒரு முனையை வாளிக்குள் அமிழ்த்தி, மறுமுனை வழியாக இழுத்து நிரப்பினால் காற்றுக்குமிழ் குறையும். நிரப்பிய பிறகு குழாய் முழுவதையும் கண்ணால் தடவிப் பாருங்கள்; ஒரு குமிழ் இருந்தாலும் அளவு பொய்யாகும். அளவெடுக்கும்போது இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். நீர் சிந்தாமலிருக்கக் கட்டைவிரலால் ஒரு முனையை அடைத்தபடியே அளவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

பின்வாசற்படியின் மேல்மட்டத்தைச் சுவரில் கோடாக இழுத்து, அதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே மட்டத்தைத் தளத்தின் நான்கு மூலைகளிலும், பக்கச் சந்து வழியாக வாசல் கேட் வரையிலும் குறியுங்கள். 50 அடிக் குழாய் எட்டாத இடத்தில் இடையில் ஒரு குறி வைத்து அங்கிருந்து தொடரலாம். சுற்றிவந்து தொடங்கிய குறியிலேயே முடித்துப் பாருங்கள். ஒரு நூலுக்கு மேல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் எடுக்க வேண்டும்.

இனி, எதிரெதிர்க் குறிகளுக்கிடையே நூலை இழுத்துக் கட்டி, 3 அடிக்கு ஒருமுறை நூலிலிருந்து தளம் வரையுள்ள இறக்கத்தை அளந்து, கட்டம் போட்ட தாளில் எழுதுங்கள். எண் பெரிதாகும் இடமே தாழ்வான இடம். மதில் ஓரம் 5 அங்குலம், நடுவில் 5¾, சுவரோரம் 6½ என்று எண்கள் ஒரே சீராக ஏறினால், தளம் வாட்டமாகவே இருக்கிறது, திசைதான் தவறு என்று பொருள். நடுவில் 6¼ என்று ஏறி, அடுத்து 6 என்று குறைந்து, மீண்டும் ஏறினால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ரசமட்டத்தைத் தரையில் வைத்து வாட்டம் பார்ப்பதை நம்பாதீர்கள். 1:100 வாட்டத்தில், அதாவது 100 அங்குலத்துக்கு 1 அங்குலம் இறங்கும் வாட்டத்தில், 2 அடி நீளத்துக்கு வரும் இறக்கம் இரண்டு நூல்தான். அதில் அரை நூல் பிசகினாலும் 20 அடி போய்ச் சேரும்போது பிழை அரை அங்குலத்தைத் தாண்டிவிடும்.

4. வெளியேறும் இடத்தை முடிவு செய்தல்

முழு வேலையின் வெற்றியும் இந்தப் படியில்தான் இருக்கிறது. என் முதல் முயற்சி வீணானதும் இதைத் தவிர்த்ததால்தான்: தளத்தைத் திருத்தி, வாய்க்கால் கட்டி, கடைசியில் குழாயை வாசலுக்குக் கொண்டுபோனபோது, தெருவின் வடிகால் நான் நினைத்ததைவிட 5 அங்குலம் மேலே இருந்தது.

கணக்கை இப்படிப் போட வேண்டும். சுவரோரம் அமைக்கப்போகும் 20 அடி வாய்க்கால் (அது ஏன் என்பது 5-ஆம் படியில்), 1:100 வாட்டத்தில் 2.4 அங்குலம் இறங்கும். தொடக்கத்தில் 3 அங்குல ஆழம் இருந்தால் முடிவில் 5.4 அங்குலம். அங்கிருந்து பக்கச் சந்து வழியாகக் கேட் வரை 45 அடி என்றால், அதே வாட்டத்தில் இன்னும் 5.4 அங்குலம். நீரைக் குழாயில் கொண்டுபோவதானால், சந்தின் தளத்துக்குக் கீழே 4 அங்குலக் குழாய் உடையாமல் இருக்க அதன்மேல் சற்றுக் கனம் வேண்டும். எனவே அதன் அடிமட்டம் தொடக்கத்திலேயே 9 அங்குல ஆழத்தில் இருந்தாக வேண்டும். அப்போது வெளியேறும் வாய், பின்தளத்தைவிட 14.4 அங்குலம் கீழே வரும்.

தெருவோர மழைநீர் வடிகாலின் உள்ளே நீர் விழும் மட்டம் அதைவிடக் கீழே இருக்கிறதா என்று, சுவரில் குறித்த மூலத்திலிருந்து அளந்து பாருங்கள். போதிய இறக்கம் இல்லையென்றால், குழாய்க்குப் பதிலாகச் சந்திலும் திறந்த வாய்க்காலையே தொடரலாம். அப்போது தேவைப்படுவது 10.8 அங்குலம்தான். சில வீடுகளில் இந்த மூன்றரை அங்குலமே வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

பழைய குடியிருப்புகளில் சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தியதால், வீட்டு மனையே தெருவைவிடத் தாழ்ந்துபோயிருக்கும். அங்கே வாசலுக்கு நீரைக் கொண்டுபோக வழியே இல்லை. மழைக்குத் தெருநீர் அதே குழாய் வழியாக உள்ளே வரும். அத்தகைய மனையில் நீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால், உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு குழி இருக்கலாம். பெரும்பாலும் அது மண்ணடைந்து கிடக்கும். முதலில் அதைத் தூர்வாரிப் பாருங்கள்.

புதிய குழி வெட்டுவதற்கு முன், மண் நீரை வாங்குமா என்று சோதிக்க வேண்டும். ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் தோண்டி நீரை நிரப்பி, அது வடிந்த பின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கடற்கரையோர மணலில் இறக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். களிமண்ணில் அரை அங்குலம்கூட இறங்காமல் போகலாம். அப்படியானால் குழியை மட்டும் நம்ப முடியாது.

அளவும் முக்கியம். 1 மீட்டர் நீள அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குழியில் கூழாங்கல் நிரப்பினால், கற்களுக்கு இடையே நீருக்குக் கிடைக்கும் இடம் சுமார் 600 லிட்டர். நம் எடுத்துக்காட்டில் மாடியும் தளமுமாக மணிக்கு 3,600 லிட்டர் வரும்போது, மண் ஒன்றும் உறிஞ்சாவிட்டால் குழி பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆகவே ஆழமான உறைக்கிணறோ, நிரம்பிய நீர் வழிந்து போக இன்னொரு வழியோ, தேவையானால் சம்ப்பும் மோட்டாரும் வேண்டும். குழியை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி, செப்டிக் டேங்க்கிலிருந்தும் விலக்கி அமையுங்கள்.

மழைநீரைக் கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்க்கிலோ இணைப்பது கூடவே கூடாது. பெருமழையில் பாதாளச் சாக்கடை நிரம்பி, கழிப்பறை வழியாகவே கழிவு வீட்டுக்குள் திரும்புவதற்கு இத்தகைய இணைப்புகளும் ஒரு காரணம்.

5. எந்த அளவு வேலை தேவை என்று முடிவு செய்தல்

தவறான வாட்டத்தைத் திருப்புவதே தீர்வு என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். எண்களைப் பாருங்கள். வீட்டுப் பக்கம் ஏற்கனவே 1½ அங்குலம் தாழ்வு. எதிர்த்திசையில் 14 அடிக்கு 1:100 வாட்டம் கொடுக்க மேலும் ஏறக்குறைய 1¾ அங்குலம். மதிலோரம் மேல்தளத்தின் குறைந்தபட்சக் கனம் 2 அங்குலம். ஆக, சுவரோரம் தளம் 5 அங்குலத்துக்கு மேல் உயரும். பின்வாசற்படி தளத்தோடு தளமாகிவிடும். சுவரின் ஈரத்தடுப்புப் படிவுக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு) கீழே இருக்க வேண்டிய 6 அங்குல இடைவெளியும் பறிபோகும். சுவரைக் காக்கத் தொடங்கிய வேலை சுவரையே நனைப்பதில் முடியும்.

தளத்துக்கு இப்போது இருக்கும் வாட்டம் 14 அடிக்கு 1½ அங்குலம், அதாவது 1:112. இது நீரோடப் போதும். எனவே நீர் இயல்பாக வந்து சேரும் இடத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு வாய்க்காலை அமைத்துவிட்டால், தவறான வாட்டமே நமக்கு உதவும் வாட்டமாகிவிடும். நான் பார்த்த தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

இரும்புக் கம்பியால் தளத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் அடியில் மண் இறுக்கமாக உள்ளது. பொள்ளலாக ஒலித்தால் மண் இறங்கி, தளம் அந்தரத்தில் நிற்கிறது. அஸ்திவாரப் பள்ளத்தை மூடிய மண் காலப்போக்கில் அமிழ்வதால், சுவரோரம் இந்த ஓசை கேட்பது வழக்கம். அப்படிப்பட்ட பகுதியை உடைத்து எடுத்தே ஆக வேண்டும்; அதன்மேல் எது போட்டாலும் சேர்ந்து இறங்கும்.

6. குழாயும் சேம்பரும்

வெளியேறும் வாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். பள்ளத்தின் அடியில் 2 அங்குலம் மணல் பரப்பி, நூல் பிடித்து, 4 அங்குல பிவிசி குழாயை வையுங்கள். சாக்கெட் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு இணைப்பின் விளிம்பிலும் குப்பை சிக்கும். திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை எல்போவுக்குப் பதிலாக 45 பாகை இரண்டைப் பொருத்துங்கள்; அடைப்பு எடுக்கக் கம்பி விடும்போது அதன் அருமை தெரியும்.

இந்த அளவு நீருக்கு, அதாவது வினாடிக்கு 1 லிட்டருக்கு, 3 அங்குலக் குழாயே போதும் என்று சிலர் சொல்வார்கள். கணக்கில் அது சரிதான். ஆனால் இந்தக் குழாயில் வருவது நீர் மட்டுமல்ல. வேப்பிலை, முருங்கைப் பூ, மண் எல்லாம் சேர்ந்து வரும்.

வாய்க்கால் முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில் உள்ளளவு 1½ அடிச் சதுரத்தில் ஒரு சேம்பர் (திறந்து பார்க்கக்கூடிய சிறு தொட்டி) கட்டி, அதன் அடித்தளத்தைக் குழாயின் வாயைவிட 6 அங்குலம் கீழே அமையுங்கள். மண் அங்கே தங்கிவிடும். அந்த 6 அங்குலத்தில் நீர் நின்றால் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளிலேயே கொசு உற்பத்தியாகிவிடும். எனவே அடியில் இரண்டு சிறு துளைகள் விட்டு, கீழே ஜல்லி நிரப்பி, நீர் மெல்ல மண்ணில் இறங்கும்படி செய்யுங்கள். மாடியிலிருந்து வரும் குழாய்களையும் தளத்தில் விடாமல் நேராக இந்தச் சேம்பரில் சேர்த்துவிடலாம்.

மண் மூடுவதற்கு முன் ஐந்தாறு வாளி நீரை வேகமாக ஊற்றி, வெளிவாயில் வந்து சேர்கிறதா, இணைப்புகளில் கசிகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு இருமடங்கு செலவு.

7. வாய்க்கால் வெட்டிக் கட்டுதல்

சுவருக்கு இணையாக, 12 அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகளைக் கட்டிங் மெஷினால் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை உளியால் உடைத்தெடுங்கள். வெட்டாமல் நேரடியாகச் சுத்தியலால் உடைத்தால் விரிசல் தளத்துக்குள் ஓடும். அடியில் 3 அங்குலக் கான்கிரீட், இரு பக்கமும் 3 அங்குலக் கனத்தில் கரை, நடுவே 6 அங்குல அகல வாய்க்கால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குலத்துக்குக் குறைந்தால் கரண்டியும் கையும் உள்ளே நுழையாது. சுத்தம் செய்ய முடியாத வாய்க்கால் இரண்டாம் ஆண்டில் பயனற்றுப் போகும்.

அடித்தளக் கான்கிரீட்டுக்கு 1:3:6 கலவையும் (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) முக்கால் அங்குல ஜல்லியும் போதும். அது இறுகிய பின் 1:3 கலவையில் உட்பூச்சுப் பூசுங்கள். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைவாக இழுத்துவிட்டால், குறைந்த நீரும் நடுவில் சேர்ந்து மண்ணை அடித்துச் செல்லும். பூசும்போதே 5 அடிக்கு ஒருமுறை வாட்டத்தை நூலிலிருந்து அளந்து சரிபாருங்கள்.

அதிகம் பேர் செய்யும் பிழை, வாய்க்காலின் கரையைப் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தளத்தைவிட ஒரு நூல் உயர்த்திவிடுவது. அந்த ஒரு நூல் தளத்து நீருக்கு அணையாகிவிடும். தளத்துப் பக்கக் கரை, தளத்தைவிட ஒரு நூல் தாழ்ந்தே இருக்கட்டும். மூடியாக இரும்புக் கிராதியோ துளையிட்ட சிமெண்ட் பலகையோ வைக்கலாம்; எதுவானாலும் இரண்டடித் துண்டுகளாக, ஒருவரே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கலவை பூசி மூடியை நிலையாக ஒட்டிவிடக் கூடாது.

8. சுவருக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஓரடி

இந்தப் பட்டையின் வாட்டம் மட்டும் சுவரிலிருந்து வெளியே, வாய்க்காலை நோக்கி இருக்க வேண்டும். பழையதை முழுவதும் உடைத்தெடுத்து, மண்ணில் நீர் விட்டு இடித்து இறுக்கி, 3 அங்குலம் 1:4:8 கான்கிரீட் போட்டு, அதன்மேல் 2 அங்குலம் நல்ல கான்கிரீட் போடுங்கள். ஓரடிக்கு அரை அங்குலம் இறக்கம் கொடுங்கள். சுவரில் தெறித்து வழியும் நீர் உடனே விலக இவ்வளவு தேவை.

சுவரோடு கான்கிரீட்டை ஒட்டிப் போடாமல், இடையில் அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை வையுங்கள். தளம் வெயிலில் விரிந்து சுருங்கும்போது சுவரும் தளமும் சேரும் மூலைதான் முதலில் விரியும். நீராற்றல் (புதிய கான்கிரீட்டைச் சில நாள் ஈரமாகவே வைத்திருப்பது) முடிந்து நன்கு காய்ந்த பின் தெர்மோகோலின் மேல்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் சீலண்ட்டை அடைத்துவிட்டால் அந்த இடைவெளியில் நீர் இறங்காது.

9. நடுத்தளப் பள்ளங்களும், மேல்தளம் போட்டே தீர வேண்டிய இடமும்

சிறு பள்ளத்துக்கு எளிய வழி, அதிலிருந்து வாய்க்கால் வரை அரை அங்குல அகலத்தில் ஒரு கோடு வெட்டிவிடுவது. பார்வைக்குக் குறையாகத் தோன்றினாலும் நீர் அதன்வழி போய்விடும். நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால், பள்ளத்தைச் சுற்றி அரை அங்குல ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, உள்ளே கொத்திவிட்டு, பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரை நிரப்புங்கள். ஓரத்தில் கனமே இல்லாமல் தேய்த்து முடித்த பூச்சு ஒரு கோடையைத் தாங்காது. தகடு தகடாகப் பெயரும்.

தளம் முழுவதும் வாட்டமே இல்லாமல் இருந்து, உயர்த்தவும் இடமிருந்தால் மட்டும் மேல்தளம் போடுங்கள். 2 அங்குலத்துக்குக் குறையாத கனம், 1:2:4 கலவை, அரை ஜல்லி அல்லது அதைவிடச் சிறியது. 200 சதுர அடியில் சராசரி 2½ அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், 19 கன அடி எம்-சாண்ட், 37 கன அடி ஜல்லி பிடிக்கும்.

பழைய தளத்தை ஜல்லி தெரியும் வரை கொத்தி, தூசியைக் கழுவி, முந்தைய இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காய்ந்த பழைய கான்கிரீட் புதிய கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் இரண்டும் ஒட்டாமல் போகின்றன. கலவை போடும் நேரத்தில் தளம் ஈரமாக இருக்கலாம். ஆனால் நீர் நிற்கக் கூடாது. சிமெண்ட் பாலை முழுத் தளத்துக்கும் முன்கூட்டியே தடவிவிடாதீர்கள். அடுத்த கால் மணி நேரத்தில் கான்கிரீட் போட முடிந்த பரப்புக்கு மட்டும் தடவுங்கள். காய்ந்துபோன பால், ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரித்துவைக்கும்.

6 அடிக்கு 6 அடியைத் தாண்டாத கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். இழுக்க இலகுவாக இருக்கும் என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு குவளையும் பின்னாளில் விரிசலாக வெளிப்படும். மேற்பரப்பை மணியாஸ் கட்டையால் தேய்த்து, இறுகத் தொடங்கியதும் துடைப்பத்தால் நீர் ஓடும் திசையில் லேசாகக் கீறுங்கள். வழவழப்பாக இழைத்த தளத்தில் பாசி படிந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். ஈரம் உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட்டைத் தூவுவதும் வேண்டாம்.

10. நீராற்றல்

இந்திய தரநிலையான ஐஎஸ் 456 சாதாரண சிமெண்ட்டுக்கு 7 நாளும், பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) போன்ற கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாளும் குறைந்தபட்ச நீராற்றலாகக் கூறுகிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் இது முறையே 10, 14 நாளாக உயர்கிறது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி. வேலையும் நடப்பது கோடையில். ஆகவே 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையும் மாலையும் தெளிப்பது போதாது. நண்பகலில் தளம் வெள்ளையாகக் காய்ந்துவிடும். நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரங்களில் கல் வைத்துவிட்டால் ஈரம் நாள் முழுவதும் நிற்கும். வாய்க்காலின் உட்பூச்சுக்கும் இதே கவனம் வேண்டும். சேம்பரின் வாயைத் துணியால் அடைத்து வாய்க்காலில் நீர் கட்டிவிடலாம்.

11. சோதனையும் பராமரிப்பும்

பதினைந்தாம் நாள் மதிலோரம் ஹோஸ் பைப்பைத் திறந்து, முதலில் செய்த அதே 20 நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். நீரை நிறுத்திய அரை மணியில் தளத்தில் ஈரம் மட்டுமே இருக்க வேண்டும். சுவரோரப் பட்டையில் சொட்டு நீரும் நிற்கக் கூடாது. கொத்தனாருக்குக் கடைசித் தவணையை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுப்பதாகத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான எந்தக் கொத்தனாரும் இதற்கு மறுப்புச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

சுவரின் உட்பக்கப் பூச்சை உடனே புதுப்பிக்க வேண்டாம். உள்ளே ஊறிய ஈரம் வெளியேறச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பூசினால் உப்புப் பூத்து மீண்டும் பெயரும். ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்து சுவர் உலர்ந்தபடியே இருப்பதை உறுதிசெய்த பிறகு பூசுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசி வாரத்தில் கிராதிகளைத் தூக்கி வாய்க்காலைக் கழுவி, சேம்பரில் தங்கிய மண்ணை அள்ளிவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேம்பரைத் திறந்து பாருங்கள். மண் குழாயின் வாய்க்கு இரண்டு அங்குலம் கீழே வரை ஏறியிருந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.